பால்சாக்கின் மனைவி ஏவலினா

நேயர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கைப் பற்றிப் பேச வருபவர்கள் அவருடைய கடனையும் காப்பியையும் விட மாட்டார்கள். நான் பேச வந்தது அவர் மனைவியைப் பற்றி. அவருக்கு மனைவியாக வாழ்ந்தது 5 மாதம். அதன்பின் அவர் பெயரைச் சுமந்தது ஏறக்குறைய 32 ஆண்டுகள். ஏவலினா ஹான்ஸ்கா.

போலந்துப் பிரபு குலத்தில் பிறந்தவர். தம்மைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த ஹான்ஸ்கி என்ற பெருநிலக்கிழாருக்கு வாழ்க்கைப்பட்டார். இன்றைய உக்ரைனில் உள்ள வெர்ஹிவ்னியாவில் மாளிகை, ஏராளமான பண்ணையடிமைகள். மனம்விட்டுப் பேசத்தான் ஆளில்லை. பிரெஞ்சுப் புத்தகங்களே துணை. 1832-இல் ஒடெசா தபால் முத்திரையோடு பால்சாக்குக்கு ஒரு கடிதம் போட்டார். பெயர் இல்லை, ‘அயல்நாட்டுப் பெண்’ என்று மட்டும். முகவரி தெரியாதவருக்கு எப்படிப் பதில் எழுதுவது? பால்சாக் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். மறு ஆண்டு சுவிட்சர்லாந்தில் முதல் சந்திப்பு, கணவரும் உடனிருக்க!

1841-இல் ஹான்ஸ்கி இறந்தார். பிறகும் எட்டு வருஷம் கல்யாணம் தள்ளிப்போயிற்று. இதற்காகவே ஏவலினாவைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணவர் வீட்டார் சொத்துக்கு வழக்காடினார்கள். மகள் அன்னாவைக் கரையேற்ற வேண்டும். ருஷ்யப் பேரரசின் குடிமகள் என்பதால் வெளிநாட்டவரை மணக்க ஜார் மன்னரின் அனுமதி வேண்டும், நிலத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கோ தலைக்கு மேல் கடன். எந்தத் தாய் யோசிக்க மாட்டாள்?

பால்சாக் அவருக்கு எழுதிய கடிதங்கள் தொகுதி தொகுதியாகக் கிடைக்கின்றன. அவர் பால்சாக்குக்கு எழுதியவை? பால்சாக்கின் வீட்டை நிர்வகித்த பெண் அவற்றைத் திருடி மிரட்ட, அரண்டுபோன பால்சாக் 1847-இல் எரித்துவிட்டார். ஒரு தரப்பை மட்டும் கேட்டே உலகம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கடைசியில் நிலத்தை மகளுக்கு விட்டுக்கொடுத்து, 1850 மார்ச் 14 அன்று பெர்திச்சிவ் நகரத் தேவாலயத்தில் மணம் முடித்தார். மே மாத இரவொன்றில் தம்பதி பாரிஸ் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். அந்த வீடு வாங்கியதில் ஏவலினாவின் பணமும் உண்டு. உள்ளே விளக்குகள் எரிகின்றன. மணியடித்தால் கதவு திறப்பாரில்லை. பூட்டுத் திறப்பவரை அழைத்து வந்து உள்ளே போனால், வேலைக்காரனுக்குப் புத்தி பேதலித்திருந்தது. புதுமணப்பெண் வீடு புகுந்த அழகு இது.

ஆகஸ்ட் 18 அன்று பால்சாக் கண்ணை மூடினார். கடன்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கணவரின் சொத்தே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் கடனும் ஒட்டியிருக்காது. ஒதுங்கவில்லை, ஏற்றுக்கொண்டு அடைத்தார். மாமியாருக்கும் ஆண்டுதோறும் பணம் கொடுத்தார். பாதியில் நின்ற நாவல்களை வெளிக்கொண்டுவந்தார்.

பின்னாளில் ஓவியர் ழான் ழிகூவோடு வாழ்ந்தார், உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் பால்சாக் இறந்த பிறகு வந்தது என்பதே ஆய்வாளர்கள் கருத்து. 1907-இல் ஒக்தாவ் மிர்போ என்ற எழுத்தாளர், பால்சாக் உயிர் பிரியும் நேரத்தில் ஏவலினா பக்கத்து அறையில் ழிகூவோடு இருந்ததாக எழுதி அச்சுக்கே கொடுத்துவிட்டார். ஏவலினா இறந்து 25 ஆண்டுகள் ஆகிவிட்டன; மறுக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. அன்னா இருந்தார், எண்பதை நெருங்கிய வயதில். அவர் கேட்டுக்கொண்டதும் மிர்போ அந்தப் பகுதியை நூலிலிருந்து எடுத்துவிட்டார். அன்னா காலமான பிறகு அது மறுபடி அச்சேறியது.

வணக்கம்.