பழைய மோட்டாரில் மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

வணக்கம். பின்னால் ஸ்டாண்டில் நிற்கிறதே, இதுதான் 1956இல் செய்த என் 10 குதிரைத்திறன் அவுட்போர்ட் மோட்டார், அதாவது படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சின், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். அசல் பெட்ரோல் டேங்கை ஏன் எடுத்தீர்கள், பழமையே போய்விட்டதே என்று நிறைய பேர் வருத்தப்பட்டிருந்தீர்கள். நியாயமான வருத்தம், எனக்கும் அதைக் கழற்ற மனமே வரவில்லை.

இப்போதைய மோட்டாரில் டேங்கிலிருந்து ஒரே டியூப் வரும், மோட்டாரில் இருக்கிற பம்ப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். இதில் பம்ப்பே கிடையாது. இந்த இரட்டை டியூபைப் பாருங்கள், ஒன்றில் கிராங்க்கேஸின், அதாவது பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையின், காற்றழுத்தம் டேங்குக்குள் போகிறது, அந்த அழுத்தம் பெட்ரோலை மற்றொன்றின் வழியாகக் கார்பரேட்டருக்குத் தள்ளுகிறது. புதிதில் அருமையான ஏற்பாடுதான். ஆனால் ரப்பர் இறுகி டியூப் வெடித்த பிறகு? காற்று கசிந்தால் மோட்டார் நடுத்தண்ணீரில் நின்றுவிடும், சரி, துடுப்பு இருக்கிறது. பெட்ரோல் கசிந்தால் அது சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். ஒரு முறை என் காலடியிலேயே அடித்தது, அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதற்குப் பதிலாக இந்தச் சின்ன டயாஃபிரம் பம்ப், உள்ளே ஒரு மெல்லிய சவ்வு அசைந்து பெட்ரோலை நகர்த்தும். மின்சாரம் வேண்டாம், பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க்கேஸில் மாறி மாறி வரும் அழுத்தமும் இழுப்பும்தான் அதை ஓட்டும். பழைய ஏற்பாட்டில் இருந்த ஒருவழி வால்வுகள் அழுத்தத்தை மட்டும் வெளியே விட்டு இழுப்பை அடைத்துவிடும், ஆகவே அவற்றை எடுத்தாக வேண்டும். அதோடு வேலை முடியவில்லை. இரண்டு சிலிண்டரும் மாறி மாறி இயங்குவதால், ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றொன்று இழுக்கும், இரண்டும் ஒரே துளையில் சந்தித்தால் பம்ப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு சிலிண்டரின் வழியை அடைத்துவிட வேண்டும். இது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது, புதுப் பம்ப்தான் பழுது என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பாதுகாப்புக் கயிறு, ஓட்டுபவரின் உடம்பையும் ஒரு சுவிட்சையும் இணைப்பது. ஆள் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை அணைக்கிற சுவிட்ச் இதில் கிடையாது, படகு ஆளில்லாமல் சுற்றிக்கொண்டு திரும்பி அவர் மேலேயே வரலாம். சுவிட்ச் வைக்கும்போது கவனம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தர தனிக் காயில், அதை முடுக்கிவிடும் தனிப் பாயிண்ட்ஸ். இரண்டு வயரையும் தனித்தனியாகக் கொண்டுவந்து, கயிறு பிடுங்கப்பட்டால் இரண்டும் எர்த் ஆகி, தீப்பொறி நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். ஒன்றாக முறுக்கிவிட்டால் மோட்டார் ஓடவே ஓடாது. தண்ணீர்ப் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கியர் ஆயிலும் மாற்றியாகிவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பெட்ரோலில் கலக்கும் ஆயிலின் அளவை மட்டும் மாற்றவே மாட்டேன். புகை வருகிறதே, 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் போதாதா என்கிறார்கள். இந்த மோட்டாருக்கு 24க்கு 1தான், 10 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 417 மில்லி. அதன் பேரிங்குகள் அந்த அளவு ஆயிலை நம்பிச் செய்யப்பட்டவை, புகைக்குப் பயந்து குறைத்தால் கிராங்க்கை இழப்போம்.

வேகத்துக்காகவும் எதையும் தொடவில்லை. படகு 12 அடி, இதைவிடக் கனமான மோட்டார் மாட்டினால் பின்பக்கம் அழுந்தி அலை உள்ளே ஏறும். மோட்டாரை மாட்டும் பின்பலகையின் ஒட்டுப்பலகை உளுத்திருந்ததால் புதிது போட்டேன், உயரம் மட்டும் பழைய 15 அங்குலமே, அதாவது 38 செ.மீ. அதற்கு மேல் உயர்த்தினால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும்.

கழற்றிய டேங்க், இரட்டை டியூப், அந்தக் குட்டி வால்வுகள் எல்லாம் இந்தப் பெட்டியில் பெயர் எழுதி இருக்கின்றன. நாளைக்கு இதை வாங்குகிறவர் பழையபடி ஆக்க விரும்பினால் எதையும் தேட வேண்டியதில்லை. அடைத்த துளையிலும் பசை ஊற்றவில்லை, திருகுதான் போட்டிருக்கிறேன். வாருங்கள், ஸ்டார்ட் கயிற்றை இழுத்துப் பார்ப்போம்.