10 கன்று வேண்டுமா? 13 துண்டு போதாது! | கல்குலேட்டரில் முயல்வுகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பது

[திரையில்: தேயிலை நாற்றுமேடை, வரிசையாகப் பொலித்தீன் பைகள்]

ஒரு நாற்றுமேடையில் தேயிலைத் தண்டுத் துண்டு 100 வைத்தால் 80 வேர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 10 கன்று வேண்டும். எத்தனை துண்டு வைப்பீர்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் எண்ணைக் கமெண்டில் போடுங்கள். போட்ட பிறகு மாற்றக்கூடாது!

10-ஐ 0.8-ஆல் வகுத்தால் 12.5. அதனால் 13 என்று போட்டிருப்பீர்கள். 13 துண்டில் குறைந்தது 10 பிழைக்கும் நிகழ்தகவு 0.7473. அதாவது நாலு தடவை வைத்தால் ஒரு தடவை கன்று குறையும். 100 கன்றுக்கு 125 துண்டு என்று கணக்குப் போட்டால் இன்னும் மோசம்: நூற்றுக்கு 55 அளவுதான் வாய்ப்பு. வகுத்தல் சராசரியைத்தான் தரும், உறுதியைத் தராது.

ஈருறுப்புப் பரம்பல் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு முயல்விலும் (இங்கே ஒரு துண்டு வைப்பது ஒரு முயல்வு) வெற்றி அல்லது தோல்வி, மாறாத நிகழ்தகவு, ஒன்றை ஒன்று பாதிக்காத முயல்வுகள். நமக்குத் தெரியாதது முயல்வுகளின் எண்ணிக்கை மட்டும்தான்.

[திரையில்: கொப்புளம் விழுந்த இளம் இலை]

முதலில் சுலபமான வகை, 'குறைந்தது ஒன்று'. தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் 1946-இல் இலங்கைக்குள் வந்தது. ஈரக் காலத்தில் இளம் இலையைத்தான் பிடிக்கும். ஒரு மலையில் 100 கொழுந்துக்கு 3-இல் நோய் இருந்தால், ஒன்றையாவது கண்டுபிடிக்கும் நிகழ்தகவு 0.95 ஆக எத்தனை கொழுந்து பார்க்க வேண்டும்?

ஒன்றுமே அகப்படாத நிகழ்தகவு 0.97-இன் அடுக்கு; பார்க்கும் கொழுந்தின் எண்ணிக்கைதான் அந்த அடுக்கு. அது 0.05-ஐத் தாண்டக்கூடாது. இரண்டு பக்கமும் மடக்கை எடுங்கள். லொக் 0.05-ஐ லொக் 0.97-ஆல் வகுத்தால் 98.35 வரும். லொக் பட்டன் உள்ள எந்தக் கல்குலேட்டரும் இதைச் செய்யும்.

புள்ளிகள் பறிபோவது இதற்குப் பிறகுதான். லொக் 0.97 மறை எண். அதனால் வகுக்கும்போது சமனிலியின் குறி திரும்ப வேண்டும். திருப்பாமல் விட்டால் '98.35-ஐ விடக் குறைவு' என்று வந்துவிடும். 'அதிகம் பார்த்தால் குறைவாகத் தெரியுமா?' என்று ஒரு தடவை உங்களையே கேளுங்கள், பிழை தானாகத் தெரியும். விடை 99. 98 போட்டால் 0.9495-தான் வரும். கல்குலேட்டரை இரண்டு தசமத்துக்கு வைத்திருந்தால் அதையே 0.95 என்று காட்டும். சரிபார்க்கும்போது நாலு தசமமாவது வையுங்கள்.

[திரையில்: கல்குலேட்டர், நெருக்கத்தில்]

இனி 10 கன்றுக்கு வருவோம். இங்கேயும் குறைந்தது 10 பிழைக்கும் நிகழ்தகவு 0.95 ஆவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே மடக்கை உதவாது, பல உறுப்புகளைக் கூட்ட வேண்டும். முயல்வு எண்ணிக்கையை நேராகத் தரும் பட்டன் இந்தக் கல்குலேட்டர்களில் இல்லை. நாம்தான் எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான், ஏனென்றால் பதில் நகர்ந்து நகர்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும்.

கேசியோ 991 இஎக்ஸ் வைத்திருப்பவர்கள்: மெனு, 7, கீழ் அம்பு, 1. அதுதான் பைனோமியல் சீடி, ஈருறுப்புப் பரம்பலின் கூட்டு நிகழ்தகவு. பிறகு 2, வேரியபிள். எக்ஸ் இடத்தில் 9 போடுங்கள். 10 அல்ல, 9! இந்தச் செயற்பாடு பூச்சியத்திலிருந்து நீங்கள் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் கூட்டும். 'குறைந்தது 10' என்பதன் எதிர்ப்பக்கம் 'அதிகபட்சம் 9'. நிகழ்தகவு 0.8. முயல்வு எண்ணிக்கையை மட்டும் மாற்றுங்கள்.

13 கொடுத்தால் 0.2527. சமக்குறியை அழுத்தினால் பழைய திரை திரும்பும். 14-க்கு 0.1298. 15-க்கு 0.0611. 16-க்கு 0.0267. 0.05-க்குக் கீழே முதலில் போனது 16. அதுவே விடை, உறுதி 0.9733. 15-இல் நிறுத்தியிருந்தால் 0.9389, போதாது. 9-க்குப் பதில் 10 போட்டவருக்கு விடை 17 வரும். ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் பரீட்சையில் அது பிழைதான்.

சீடிக்குப் பதிலாக பீடியை எடுத்துவிட்டால் 'சரியாக 10' என்பதன் நிகழ்தகவு வரும். அது 11 துண்டில் 0.2362, 12-இல் 0.2835, 13-இல் 0.2457 என்று ஏறி இறங்கும். அதனால் 'சரியாக' என்று கேட்டு நிகழ்தகவைக் கொடுத்தால், அடுத்தடுத்த எண்களையும் போட்டுப் பாருங்கள். இரண்டு விடை இருக்கலாம்.

991 இஎஸ் பிளஸில் இந்த மெனு இல்லை. கவலை வேண்டாம். 13-ஐ ஏ-யில் சேமியுங்கள்: 13, ஷிஃப்ட், ஆர்சிஎல், ஏ. சாதாரண மோட்டில் கூட்டலுக்கான சிக்மாவை எடுத்து, ஏ என்சிஆர் எக்ஸ், பெருக்கல் 0.8 அடுக்கு எக்ஸ், பெருக்கல் 0.2 அடுக்கு ஏ கழித்தல் எக்ஸ் என்று எழுதி, எல்லைகளை 0, 9 எனக் கொடுங்கள். ஏ-யை மாற்றி, மேல் அம்பினால் பழைய வரியை வரவழைத்து மறுபடி சமக்குறி. டேபிள் மோட்டில் இதை முயலாதீர்கள், அங்கே சிக்மா வேலை செய்யாது.

சராசரியும் மாறற்றிறனும் (வேரியன்ஸ்) தந்திருந்தால் இந்தப் பாடே இல்லை, மாறற்றிறனைச் சராசரியால் வகுத்தால் தோல்வியின் நிகழ்தகவு வரும்: 12-உம் 3-உம் என்றால் 3-ஐ 12-ஆல் வகுக்க 0.25 தோல்வி, 0.75 வெற்றி, 12-ஐ 0.75-ஆல் வகுக்க 16.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரே பாத்தியில் தண்ணீர் தேங்கினால் துண்டுகள் கூட்டமாக அழுகும். கொப்புள நோயும் பக்கத்துச் செடிக்குத்தான் முதலில் தாவும். அப்போது முயல்வுகள் சாராதவை அல்ல, 16-உம் 99-உம் உண்மையில் போதாமல் போகலாம். ஒரே மூலையில் 99 கொழுந்து பார்க்காமல் மலை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பாருங்கள்.

[திரையில்: கணக்கு]

உங்களுக்கு ஒன்று: வேர் பிடிக்கும் நிகழ்தகவு 0.9, வேண்டியது 30 கன்று, உறுதி 0.99. 34-இலிருந்து தொடங்குங்கள், எக்ஸ் இடத்தில் என்ன போட்டீர்கள் என்பதையும் சேர்த்துக் கமெண்டில் எழுதுங்கள்.