72 கைகள் தொடும் கிண்ணம்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெய்ஜிங், ஷாங்காய் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஜியாங்ஷி மாகாணத்தில் ஜிங்டெஜென் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பீங்கானை நம்பியே வாழும் ஊர். 1004-ஆம் ஆண்டில் சோங் பேரரசர் தம் ஆட்சிக்காலத்தின் பெயரையே இதற்குச் சூட்டினார் என்றால், அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே பழைய சந்துகளில் நடந்தால் சுவர்களைக் கவனியுங்கள். சில செங்கற்கள் பளபளக்கும். அவை சூளையில் இருந்தவை. பைன் விறகைப் போட்டு 1,300 டிகிரி வரை எரிக்கிற சூளையில் செங்கல் சில ஆண்டுகள்தான் தாங்கும். பிரித்தெடுத்த கல்லில் வீடு கட்டிக்கொண்டார்கள். விறகுச் சாம்பல் உருகிப் படிந்ததுதான் அந்தப் பளபளப்பு.

அப்புறம், பட்டறைகள். வனைகிறவர் கிண்ணத்தைத் தடிமனாகவே வனைந்து வைத்துவிடுகிறார். அது காய்ந்த பிறகு வேறொருவர் அதைச் சக்கரத்தில் கவிழ்த்து, இரும்புக் கத்தியால் சீவுகிறார். அவர் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். சீவிய மண் காலடியில் குவிகிறது. நடுநடுவே கிண்ணத்தை விரலால் சுண்டுகிறார். இன்னும் எவ்வளவு கனம் மிச்சம் என்பதைச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடுகிறது. கை கொஞ்சம் அழுத்திவிட்டால் ஓட்டை விழும், அவ்வளவு மெல்லிசு. கோடு வரைகிறவர் வேறு, கோட்டுக்குள் நீலம் நிரப்புகிறவர் வேறு. ஒரு கிண்ணம் 72 கைகள் மாறித்தான் முடிகிறது என்று 1637-இல் வெளிவந்த சீனத் தொழில்நூல் ஒன்று எழுதி வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் ஆலைகள் தோன்றுவதற்கு முன்பே இங்கே வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்தக் கைகள் பட்ட பாடும் அதிகம். அரண்மனைக்குச் செய்த பாத்திரத்தில் சிறு குறை இருந்தாலும் உடைத்துப் புதைத்துவிடுவார்கள். மிங் ஆட்சியில் 1599 வாக்கில், டிராகன் உருவம் தீட்டிய பெரிய தாழிகள் சரியாக வேகவில்லை என்று அதிகாரிகள் தொழிலாளரை வதைத்தார்களாம். அது பொறுக்காமல் டோங் பின் என்பவர் எரியும் சூளைக்குள் குதித்து உயிர்விட்டார் என்கிறார்கள். அவரைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டியிருக்கிறார்கள். அரசர்கள் பெயரைவிட இந்தப் பெயர்தான் என் மனதில் நிற்கிறது.

1990-களில் அரசுப் பீங்கான் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏராளமானோர் வேலை இழந்தார்கள். அவற்றில் ஓர் ஆலை இப்போது டாவ்ஷிசுவான் என்ற கலை வளாகம். புகைபோக்கியையும் சூளைகளையும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். வெளியூர் இளைஞர்கள் வந்து பட்டறை போட்டு, தாங்கள் செய்த கோப்பைகளைச் சந்தையில் பரப்பி விற்கிறார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய தொழிலாளர்களின் படங்களுக்கும் இடம் கொடுத்திருப்பது எனக்கு ரொம்பவே பிடித்தது.

மாகாணத் தலைநகர் நாஞ்சாங்கிலிருந்து ரயில் இருக்கிறது. போகிறவர்கள் அருங்காட்சியகங்களை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு, முதல் நாள் பட்டறைப் பக்கம் போங்கள். வேலை நடக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். வணக்கம்.