வெர்மிஃபார்ம்: உருவத்தை மட்டும் சொல்லும் சொல்

[திரையில்: ‘வெர்மிஃபார்ம்’]

வணக்கம். உடற்கூறியலிலும் விலங்கியலிலும் அடிக்கடி வந்தாலும், அன்றாடப் பேச்சில் ஏறக்குறைய எவரும் எடுத்தாளாத ஓர் ஆங்கிலப் பெயரடையை இன்று பார்க்கிறோம். புழுவைக் குறிக்கும் ‘வெர்மிஸ்’, வடிவத்தைக் குறிக்கும் ‘ஃபார்மா’ என்னும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த ‘வெர்மிஃபார்ம்’ என்பதைத் தமிழில் ‘புழுவுருவ’ எனலாம்.

[படம்: குடல்வால்]

பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் ஒட்டியிருக்கும் குடல்வாலின் முழு மருத்துவப் பெயர் ‘வெர்மிஃபார்ம் அப்பெண்டிக்ஸ்’. பெரியவர்களுக்குச் சராசரியாக 9 சென்டிமீட்டர் நீளமிருக்கும், ஒரு முனை மூடிய மெல்லிய குழாய் அது. தமிழ் வாலைக் கண்ட இடத்தில் லத்தீன் புழுவைக் கண்டிருக்கிறது. சிறுமூளையின் இரு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள பகுதிக்கோ ‘வெர்மிஸ்’, அதாவது புழு என்றே பெயர்.

[படம்: சிசிலியன், ஈயின் இளம்புழு]

விலங்கியலில்தான் இச்சொல்லின் உண்மையான பயன் தெரிகிறது. 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தபோது, மண்புழுவுடன் நத்தை, நட்சத்திரமீன் போன்ற தொடர்பற்ற உயிர்களையும் சேர்த்து ‘வெர்மெஸ்’ என்ற ஒரே வகுப்பில் அடைத்தார். பிற்கால ஆய்வுகள் அந்த வகுப்பைக் கலைத்துவிட்டன. புழு என்பது ஓர் இனத்தின் பெயராக நிற்கவில்லை. ‘வெர்மிஃபார்ம்’ அந்தச் சிக்கலுக்குள் போவதில்லை. நீண்டு, ஒடுங்கி, மென்மையாக, கால்களின்றி இருக்கும் உடலமைப்பை மட்டுமே அது சொல்கிறது. உறவுமுறையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆகவே, முதுகெலும்புள்ள இருவாழ்வியான சிசிலியனுக்கும், பின்னர் சிறகு முளைத்துப் பறக்கப்போகும் ஈயின் இளம்புழுவுக்கும் இந்த ஒரே அடைமொழி பொருந்துகிறது.

உருண்டு நீண்டிருப்பது மட்டும் போதாது. பென்சிலை யாரும் வெர்மிஃபார்ம் என்பதில்லை. நெளியக்கூடியது என்ற தோற்றமாவது வேண்டும்.

[திரையில்: ‘வெர்மிகுலர்’]

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் நெருங்கிய உறவுச்சொல் ‘வெர்மிகுலர்’. புழுவின் நெளிவையும், புழு ஊர்ந்த தடம்போன்ற அலைகோடுகளையும் குறிக்க இதுவே பொருத்தமானது. உணவைத் தள்ளிச்செல்லக் குடல் சுருங்கி விரியும் அசைவை வெர்மிகுலர் அசைவு என்று பழைய மருத்துவ எழுத்துகளில் காணலாம்; அங்கே ‘வெர்மிஃபார்ம்’ என்று எழுதினால் பிழை. சூடேற்றும்போது புழுக்களைப்போல் நீண்டு விரியும் ‘வெர்மிகுலைட்’ என்ற கனிமத்தின் பெயரும் இந்தக் கிளையிலிருந்து வந்ததுதான்.