மறைந்து பார்ப்பவரின் குறிப்பேடு

ஆய்வு மாணவர்களே, வணக்கம். தான் யாரென்று சொல்லாமல் ஒரு கூட்டத்துக்குள் புகுந்து, அவர்களில் ஒருவராகப் பழகி, கண்டதை எழுதுவது சரியா? கேட்டவுடனே, பார்க்கப்படுபவர்களின் 'ஒப்புதல்' வேண்டும் என்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அப்படிப் புகுந்த ஆய்வாளர்கள் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று பார்ப்போம்.

1954இல் அமெரிக்காவில் ஒரு சிறு குழு, டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரப்போகிறது என்று நம்பியது. சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் அதற்குள் ஆட்களை அனுப்பினார்கள். குறிப்பெழுதத் தனிமை கிடைத்த இடம் குளியலறைதான். அடிக்கடி போனால் சந்தேகம் வருமே என்ற பயம் வேறு! சிரிக்கலாம். ஆனால் உள்ளே நுழைவதற்காக ஒருவர் கனவு ஒன்றை ஜோடித்தார்: வெள்ளத்திலிருந்து ஒளி சூழ்ந்த ஒரு மனிதர் தன்னைத் தூக்கிக் காப்பாற்றியதாக. குழுவினர் அதை வானத்துச் செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கையை ஆராயப் போனவரே அதற்கு எண்ணெய் ஊற்றிவிட்டார். 'சும்மா பார்க்கத்தான் போனேன்' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கனவு நினைவுக்கு வரும்.

உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973இல் எழுதிய கட்டுரையில், ஆய்வுக்காக நோயாளிபோல் நடித்து மனநல மருத்துவமனைக்குள் போனவர்கள் எல்லார் கண்முன்னாலும் எழுதுகிறார்கள். ஊழியர்களுக்கு அது நோயின் கூறாகத் தெரிகிறது. இவர்கள் போலி என்று சக நோயாளிகள் சிலர்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிற்காலத்தில் அந்தக் கட்டுரையின் நம்பகத்தன்மையே கேள்விக்கு உள்ளானது. பொய்ப் பெயரில் போனவர்களை யார் தேடிப் பிடித்து விசாரிப்பது?

என்னை அதிகம் தொந்தரவு செய்பவர் சமூகவியலாளர் லாட் ஹம்ப்ரீஸ். 1970இல் வெளியான அவருடைய ஆய்வு, பொதுக் கழிப்பறைகளில் ஆண்கள் ஆண்களோடு கொள்ளும் உறவைப் பற்றியது. போலீஸ் வருகிறதா என்று காவல் பார்க்கும் ஆளாக அவர் அங்கே நின்றார். அன்று அது குற்றம். பிடிபட்டால் வேலையும் குடும்பமும் போய்விடும். பெயர் கேட்காமல் நின்று பார்த்ததோடு நிறுத்தியிருந்தால், அவருக்காக வாதாட இடமுண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே வந்தவர்களின் கார் எண்களையும் குறித்தார். சந்தை ஆய்வு என்று சொல்லிப் போலீஸ் பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்தார். ஓராண்டு கழித்து, தலைமுடியையும் உடையையும் மாற்றிக்கொண்டு, உடல்நலக் கணக்கெடுப்பு என்ற பெயரில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பாதிக்கு மேற்பட்டவர்கள் மனைவியோடு வாழ்பவர்கள் என்று தெரிந்தது. பயனுள்ள செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர், முகவரிப் பட்டியல்! பெட்டகத்தில் பூட்டினால் போதுமா? நீதிமன்றம் கேட்டிருந்தால்? கண்ணால் கண்டது அவரோடு போயிருக்கும். தாளில் ஏறிய எண் அப்படிப் போகாது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் களத்தில் எழுதாதீர்கள். பெயர் நினைவில் நின்றாலும் தாளில் வரக்கூடாது.

இனி ஒப்புதல். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955-56இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில், விளையாட்டுப் பொறுப்பாளரின் உதவியாளர் என்ற பெயரில் நோயாளிகளோடு பொழுதைக் கழித்தார். அவர் எதற்காக வந்தார் என்பது மேல்மட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். நோயாளிகளுக்குத் தெரியாது. உங்கள் ஆய்வு விண்ணப்பத்தில் 'அனுமதி பெறப்பட்டது' என்று எழுதுகிறீர்களே, யாரிடம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.