இது திண்ணையா, பஸ் ஸ்டாப் பெஞ்சா?

வணக்கம் மக்களே! இன்னைக்கு நல்ல கடுப்புல இருக்கேன். ஒரு புது வீட்டு பிளான் கைக்கு வந்துச்சு. வாசல்ல 'திண்ணை'ன்னு போட்டிருக்கான், அகலம் எவ்வளவு? ஒன்றரை அடி! அது திண்ணையே இல்ல, பஸ் ஸ்டாப் பெஞ்சு. திண்ணைன்னா ஒரு ஆளு காலை மடக்கி உக்காரணும், மதியம் சாஞ்சு தூங்கணும். ரெண்டரை அடியாவது வேணும், மூணுன்னா சுகம்.

பேரையும் குழப்பியிருக்கான். கார் நிக்கறது போர்டிகோ. அதைப் போய் உக்கார்ற இடம் மாதிரி சிட்-அவுட்டுன்னு ஏன் சொல்றீங்க? வாசக்கதவுக்கு உள்ள, கூடத்துக்குப் போற நடை, அது ரேழி. முற்றத்தைச் சுத்தி சரிவா கூரை இறங்குற இடம் தாழ்வாரம். செட்டிநாட்டுல தூணோட இருக்கற முன்பக்கம் மொத்தமும் முகப்பு. யாழ்ப்பாணத்துல விறாந்தை. கேரளாவுல பூமுகம், அதுல சாஞ்சு உக்கார சாருபடின்னு மரப்பலகை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இப்ப திண்ணையோட உயரம். இதைத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பதினாறுலேர்ந்து பதினெட்டு இன்ச். கொத்தனார் கான்கிரீட் தரையிலேர்ந்து பதினெட்டு அளந்து கட்டிடுவார். அப்புறம் கலவை, டைல்ஸ்னு தரை மூணு இன்ச் ஏறும். மிஞ்சறது பதினஞ்சு. முழங்கால் மூக்கை இடிக்கும்! முடிஞ்ச தரையிலேர்ந்து அளங்க, மேல போடற கல்லோட கனத்தையும் சேர்த்து அளங்க. மூணு இன்ச்தானேன்னு விடாதீங்க, பின்னாடி இடிச்சுதான் சரி பண்ணணும். தெருவைப் பார்த்த திண்ணைன்னா இன்னும் கவனம், ரோடு போடப் போட தெரு மட்டம் ஏறிக்கிட்டே வரும்.

மேல கறுப்பு கிரானைட்டு வேண்டவே வேண்டாம். மேற்கு வாசல்னா சாயங்காலம் உக்கார முடியாது, கொதிக்கும். ரெட் ஆக்சைடு போடுங்க, அதான் சிவப்புப் பொடி கலந்த சிமெண்டுப் பூச்சு. அடிக் கலவை ஈரமா இருக்கும்போதே மேல்பூச்சு வரணும், இல்லன்னா ஒட்டாம பேந்துரும். வெயில் நேரத்துல போட்டா சுருங்கி வெடிக்கும். ஏழு நாளாவது ஈரச்சாக்கு போட்டு வைங்க.

அய்யோ, அகலம் சொன்னேன், வாட்டம் சொல்லல! மூணடி திண்ணைக்கு வெளிப்பக்கமா அரை இன்ச் சரிவு போதும். சுவர் பக்கம் சாஞ்சா மழைத்தண்ணி அங்கேயே நின்னு பூச்சு உப்பிடும். கூரையும் திண்ணை விளிம்பைத் தாண்டி ஒன்றரை அடி நீளணும். அந்த பிளான்ல கூரையே இல்ல மக்களே!