லயத்துக்குப் பின்னால் ஓடும் கான்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவு ஒன்றை, டிவிசன் என்போமே அதை, எதிர்மலையில் நின்று பாருங்கள். உச்சியில் காடு, கீழே தேயிலை மலை, நடுவில் லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், அடியில் ஆறு. சரிவை வெட்டிச் சமப்படுத்தித்தான் லயம் கட்டினார்கள். அதனால் பின்சுவருக்கு எதிரே மண்மேடு நிற்கும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓடுகிற கானை, அதாவது தண்ணீர் வடியும் வாய்க்காலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் முழுவதையும் ஓரமாக இறக்கிவிடுவது இந்தக் கான்தான். அது அடைபட்டால் தண்ணீர் தேங்கி மேட்டின் அடியில் ஊறும். ஊறிய மண் கனத்து இறங்கும். எதனால் அடைபடுகிறது? மலையில் கவ்வாத்து வெட்டினால், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்தால், குச்சி வந்து விழும். அடுப்புச் சாம்பல், பொலித்தீன் பை எல்லாம் சேரும். சில வீடுகளில் குசினியை, சமையலறையை, பின்னால் நீட்டி, கானையே மூடிவிடுகிறார்கள். அங்கே அடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஹட்டன், நோர்வூட் பக்கம் மே மாதத்தில் தென்மேற்கு மழை தொடங்கும். ஏப்ரலிலேயே கானை வாரிவிட வேண்டும். பதுளை, பசறைப் பக்கம் ஆண்டுக் கடைசியில்தான் பெருமழை. அங்கே செப்டெம்பரில் வாருங்கள். அள்ளிய மண்ணை மேட்டின் மேல் கொட்டாதீர்கள், அடுத்த மழைக்கே திரும்பி வந்துவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கானை அகலமாக்குவதற்கு மேட்டின் அடியைச் செதுக்க வேண்டாம். அந்த அடிமண்தான் மேட்டைத் தாங்குகிறது.

கான் சுத்தமாக இருந்தாலும் மலை அசையலாம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இறுகிப்போன கதவு, திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய ஊற்று, இவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது.

மழையை வீட்டிலேயே அளக்கலாம். பக்கம் நேரான, அடி தட்டையான டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, உள்ளே அடிக்கோலை நிறுத்திப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் சேர்ந்து மழையும் விடாவிட்டால் விழிப்பாயிருங்கள். 100 என்றால் வெளியேறத் தயாராகுங்கள். 150 என்றால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு அனைவரும் வெளியேறிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது. ஊற்றுக்கு மேலே மரம் வெட்ட வேண்டாம், மலசலகூடக் குழியும் தோண்ட வேண்டாம். வணக்கம்.